படத்தில் விழாதவை

முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரேயான ஓபிஜியை, காதில் தோட்டைக் கழற்றாமல் எடுத்துக்கொண்டால் அந்தத் தோடு படத்தில் இரண்டு இடங்களில் விழும். ஒன்று, அது இருக்கிற இடத்திலேயே, கூர்மையாக. இன்னொன்று எதிர்ப்பக்கத்தில், சற்று மேலே ஏறி, பெரிதாகி, கலங்கலாக. துறைக்காரர்கள் இதற்குப் பேய் பிம்பம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தன்று போட்ட தோட்டை நாற்பது வருடமாகக் கழற்றாத ஒரு பாட்டியின் படத்தில், அந்தக் கலங்கல் மேல்தாடைச் சைனஸின் மீது போய் உட்கார்ந்துகொள்ளும். பழகாத கண் அதைக் கட்டி என்று நினைத்துவிடலாம். அதைவிட ஆபத்து, அதன் அடியில் உண்மையிலேயே ஒரு கட்டி இருந்து அது தெரியாமல் போவது.

காரணம் எளிதுதான். ஓபிஜி எந்திரத்தில் கதிர்க்குழாய் ஒரு பக்கமும் படம் வாங்கும் தகடு மறுபக்கமுமாகத் தலையைச் சுற்றி வருகின்றன. பல்வரிசை வளைந்திருக்கிற அந்தக் குறுகிய அடுக்கு மட்டும் தெளிவாக விழ, முன்னும் பின்னும் இருப்பவை எல்லாம் கலைந்துபோகும்படி வேகத்தை அமைத்திருக்கிறார்கள். கதிர் சற்றே கீழிருந்து மேலாகச் செல்வதால், குழாயின் பக்கம் இருக்கும் தோடு எதிர்ப்புறத்தில் உயரத் தூக்கி விழுகிறது. ஆக, அந்தப் படம் முகத்தை அப்படியே காட்டுவதில்லை. முகத்தில் ஒரு அடுக்கைத் தேர்ந்து, மிச்சத்தை அழிக்கிறது. அழித்ததில் கொஞ்சம் பேயாகத் திரும்பி வருகிறது.

பல், தாடை, தலை, கழுத்து ஆகியவற்றைப் படமெடுக்கும் ஆராய்ச்சியின் நூற்று முப்பது வருட வரலாற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால், புதிய கருவி ஒவ்வொன்றும் முந்தைய படத்தில் விழாத ஒன்றைத் தேடிக்கொண்டு வந்திருப்பது தெரியும். எது தெரிகிறது என்பதைவிட எது தெரியவில்லை என்ற கேள்விதான் இந்தத் துறையை நகர்த்தியது. அதே கேள்வியைத் திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில், ஊர்க்காரர்கள் வாயில் கீவளூர் ஆகிவிட்ட கீழ்வேளூரிலிருந்து கேட்டால் பட்டியல் சற்று மாறுகிறது. எந்திரத்தின் குறை எது, எந்திரத்துக்கு வெளியே விட்டுப்போனது எது என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ராண்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த ஜனவரியிலேயே ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஓட்டோ வால்கோஃப் என்ற பல் மருத்துவர் தன் வாயையே படம் எடுத்துக்கொண்டார். 25 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் அதே ஆண்டு வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு படத்துக்கும் முன் குழாய் சரியாக இருக்கிறதா என்று தன் கையைக் கதிருக்கு முன் நீட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். விரல்கள் போயின, கை போனது, அறுவைமேல் அறுவை. 1928இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கதிர்ப் பாதுகாப்பு விதிகள் இத்தகையவர்களின் உடம்பிலிருந்து வந்தவை. இந்தியாவில் இன்று பல் எக்ஸ்ரே கருவி வைத்திருப்பவர் எவரானாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதிக்குள் வர வேண்டும். ஆனாலும் நோயாளியின் விரலையே உள்ளே விட்டு, படம் வாங்கும் சென்சாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் கிளினிக்குகள் இருக்கத்தான் செய்கின்றன. பிடிக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி போதும். பெரிய விலையும் இல்லை.

கதிர் அளவைப் பற்றிப் பயமும் அலட்சியமும் ஒருசேர இருப்பதால் கணக்கை இங்கேயே சொல்லிவிடலாம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் இயற்கையாகவே கிடைக்கிறது. டிஜிட்டல் சென்சாரில், அதாவது ஆர்விஜியில், ஒற்றைப் பல் படம் எடுத்தால் சேருவது இயற்கையில் ஒரு நாளில் கிடைப்பதற்கும் குறைவு. ஓபிஜி இரண்டு மூன்று நாள் அளவு. தலையின் சிடி ஸ்கேன் சுமார் 2 மில்லிசீவர்ட், அதாவது பல மாதங்களின் இயற்கைக் கதிர். இந்த வித்தியாசத்தால்தான் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2024 பிப்ரவரியில், பல் படத்துக்கு ஈய அங்கியும் கழுத்துக் கவசமும் இனித் தேவையில்லை என்று பரிந்துரைத்தது. கவசம் படத்தை மறைத்து, மறுபடி எடுக்க வைப்பதே கூடுதல் கதிர் என்பது அவர்கள் வாதம். நம் ஊரில் அங்கி போடாவிட்டால் சண்டைக்கு வரும் நோயாளி, அவசியம் உண்டா என்று கேட்காமல் சிடிக்குப் படுத்துக்கொள்வார். விசாரிக்க வேண்டியது அங்கியை அல்ல, இந்தப் படம் எதற்கு என்பதை.

ஒற்றைப் பல் படம் பல்லையும் அதைச் சுற்றிய எலும்பையும் நன்றாகக் காட்டும். ஆனால் தாடை முழுதும் வேண்டுமென்றால் பதினான்கு, பதினாறு துண்டுகளாக எடுத்து ஒட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு விடை தேடியவர் பின்லாந்தின் உர்யோ பாடெரோ. நாற்பதுகளின் கடைசியில் தொடங்கிய அவர் முயற்சி 1961இல் ஓபிஜி எந்திரமாகச் சந்தைக்கு வந்தது. ஒரே சுற்றில் முப்பத்திரண்டு பல்லும், மூட்டும், சைனஸின் அடித்தளமும் கிடைத்தன. விலையாகக் கொடுத்தது கூர்மை. இரண்டு பல்லுக்கு நடுவில் தொடங்கும் சின்னச் சொத்தையை ஓபிஜியில் தேடாதீர்கள் என்று முதலாண்டு மாணவருக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதே 1961இல் அமெரிக்காவில் பெண்டரும் செல்ட்ஸரும் வெளியிட்ட ஆய்வு, என் கணக்கில், இந்தத் துறையில் மிகவும் நேர்மையான ஒன்று. இறந்தவர்களின் தாடையெலும்பில் துளையிட்டு, உள்ளே பஞ்சுபோன்ற எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிச் சுரண்டிப் படம் எடுத்தார்கள். கணிசமான குழி விழுந்த பிறகும் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சுவரான கெட்டி எலும்பைத் தொட்ட பிறகுதான் கருநிழல் விழுந்தது. எலும்பின் தாதுச்சத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போன பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும் என்று பாடநூல்கள் சொல்வது இந்த வகை ஆய்வுகளை வைத்துத்தான். ‘படம் நார்மல்’ என்ற சொல்லுக்கு ‘இன்னும் தெரியும் அளவுக்கு வரவில்லை’ என்ற பொருளும் உண்டு. வலி இருக்கிறது, படத்தில் ஒன்றுமில்லை, ஆகவே வலி பொய் என்று நோயாளியைத் திருப்பி அனுப்பியவர்கள் இதைப் படித்திருக்க வேண்டும்.

தட்டையான படத்தின் சங்கடத்தைத் தீர்க்க 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி வந்தது. பல்லுக்கென்றே சிறிய முப்பரிமாணக் கருவி தொண்ணூறுகளின் இறுதியில் இத்தாலியின் வெரோனாவிலும் ஜப்பானிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உருவானது. கதிரை விசிறியாக அனுப்பாமல் கூம்பாக அனுப்பி, ஒரே சுற்றில் தாடையை முப்பரிமாணத்தில் எடுத்துவிடும். சிபிசிடி என்ற பெயரில் இன்று தஞ்சாவூர், கும்பகோணம் மாதிரி ஊர்களின் ஸ்கேன் சென்டர் பலகைகளிலும் பார்க்கலாம். இம்ப்ளாண்ட் வைக்கும் முன் நரம்புக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சம், ஞானப்பல்லின் வேர் நரம்பைத் தொடுகிறதா, வேர் சிகிச்சையில் நான்காவது குழாய் தப்பிவிட்டதா என்பனவற்றுக்கு இதற்கு நிகர் இல்லை. ஆனால் தசை, கொழுப்பு, கட்டி எல்லாம் இதில் ஒரே சாம்பல். புற்றுநோய் எலும்பைத் தின்றிருக்கிறதா என்று சொல்லும். நாக்குக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது.

காவிரி டெல்டாவில் கேட்க வேண்டிய கேள்வியோ அதுதான்.

கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையும் சீவலும் இந்தப் பக்கத்தின் பெருமை. விருந்து முடிந்தால் தட்டு வரும், கோயிலில் வரும், நடவுக்குப் போகும் பெண்ணின் இடுப்புச் சுருக்குப்பையிலும் இருக்கும். தெற்கே வேதாரண்யம் பக்கம் புகையிலை விளைந்த மண் உண்டு. வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் குனிந்து நடும் நேரத்தில் பசி தெரியாது என்பார்கள். அடக்கிவைக்கும் அந்த இடத்தில், கீழ்த்தாடைக் கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான், இந்தியாவின் வாய்ப்புற்று பெரும்பாலும் வருகிறது. மேலைநாட்டில் நாக்கும் நாக்கின் அடியும் முதலிடம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பட்டியலில் சேர்த்தது. நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப்புற்று வருகிறது; ஆண்களின் புற்றுநோய்களில் இதற்கே முதலிடம். வெற்றிலை போடுவோர் குறைந்து பொட்டலப் புகையிலை பெருகியதும், 2013இல் மாநில அரசு குட்காவைத் தடைசெய்ததும், 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அந்தத் தடையாணையை நீக்கியதும், அதே ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் தனிக் கதை.

இடம் வேறு என்பதால் படமெடுக்கும் முறையும் வேறாக வேண்டியிருந்தது. சாதாரணமாகப் படுத்தபடி சிடி எடுத்தால் கன்னத்தின் உட்தோலும் ஈறும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பட்டையாகத் தெரியும். கட்டி கன்னத்தில் முளைத்ததா ஈறில் முளைத்ததா என்று பிரிக்க முடியாது. இதற்குக் கண்ட வழி, செலவில்லாத ஒரு வித்தை. உதட்டை இறுக மூடி, நாதஸ்வரக்காரர் மூச்சடக்குவது மாதிரி இரண்டு கன்னத்தையும் உப்பவைத்து, விழுங்காமல் சில நொடி பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நடுவில் புகுந்த காற்று படத்தில் கறுப்பாக விழுந்து இரண்டையும் பிரித்துவிடும். 2001இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய இந்த உத்தி இந்தியப் புற்றுநோய் மையங்களில்தான் உண்மையான பயன் கண்டது. டெக்னீஷியன் படுக்கவைக்கும் முன் நோயாளியை உட்காரவைத்து இரண்டு முறை ஊதிப் பழக்கினால் படம் நன்றாக வரும். பழக்காமல் படுக்கவைத்து ‘ஊதுங்க’ என்றால் பாதிப்பேர் வாயைத் திறந்து ஊதுவார்கள்.

இன்னொரு தொல்லை, வாய் திறக்காதவர்கள். சீவலும் பாக்குப் பொட்டலமும் வருடக்கணக்கில் போட்டால் கன்னத்தின் உட்பகுதி வெளுத்து, நார் நாராக இறுகி, வாய் விரல் கனத்துக்குச் சுருங்கிவிடும். சோறு உருண்டையாக உள்ளே போகாது, காரம் பட்டால் எரியும். 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இதைக் கண்டு முதலில் எழுதினார் ஷ்வார்ட்ஸ். அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி எழுதினார். சென்னை ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து 2004இல் வந்த ஆய்வு, இங்கே பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்று காட்டியது. பாட்டிகளின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து இளைஞர்களின் சட்டைப்பைக்கு நோய் இடம் மாறியதற்கு அது சாட்சி. இப்படிப்பட்டவரின் கடைவாய்க்குள் சென்சாரை எப்படி நுழைப்பது? ஓபிஜிதான் கதி. அதிலும் முன்பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டிய குச்சியை வைக்கும் அளவுக்கு வாய் திறக்க வேண்டும். கன்னத்தின் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்து, உள்ளே நாரின் தடிப்பையும் தசையின் தடிப்பையும் அளந்து, நோய் எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்லலாமா என்று இந்தியக் கல்லூரிகள் பல ஆய்ந்திருக்கின்றன. பலன் நம்பிக்கை தருவதாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆய்வும் சில பத்துப் பேரோடு முடிந்துவிடுகிறது. ஒருவர் அளந்த முறையில் அடுத்தவர் அளப்பதில்லை. நோய் நம்முடையது, நோயாளிகளும் நம்மிடம்தான் இருக்கிறார்கள். நான்கு கல்லூரிகள் ஒரே அளவுமுறையில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி எப்போதோ தீர்ந்திருக்கும்.

புற்றுக்கு வருவோம். புற்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பிரிக்கும் சர்வதேச வகைப்பாட்டின் எட்டாவது பதிப்பு 2018இல் நடைமுறைக்கு வந்தபோது ஒரு முக்கிய மாற்றம் வந்தது. அதுவரை புண்ணின் அகலத்தைப் பார்த்தார்கள். இப்போது ஆழத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிவிட்டால் அகலம் சின்னதாக இருந்தாலும் அடுத்த கட்டம். கையால் தடவி இதைச் சொல்ல முடியாது என்பதால் எம்ஆர்ஐக்கு வேலை வந்தது. எம்ஆர்ஐ ஆழத்தைக் கொஞ்சம் கூட்டியே காட்டுகிறது என்பது பல ஆய்வுகளில் வந்த செய்தி. வெட்டியெடுத்த சதை மருந்துநீரில் சுருங்குவதும் அந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். எலும்பைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ்: எம்ஆர்ஐ சில சமயம் மஜ்ஜையில் வெறும் அழற்சியையும் புற்றாகக் காட்டிவிடும், சிடி கெட்டி எலும்பின் அரிப்பை நன்றாகச் சொல்லும், வாயில் பழைய உலோக உறை இருந்தால் அந்தச் சிடியிலும் நட்சத்திரமாகக் கோடு சிதறி, பார்க்க வேண்டிய இடம் போய்விடும். எல்லாவற்றையும் காட்டும் ஒரு படம் கிடையாது. தாடையெலும்பின் ஒரு துண்டை முழுதாக வெட்டி எடுப்பதா, ஓரத்தை மட்டும் சீவி விடுவதா என்ற முடிவு இந்தப் படங்களின் மேல் நிற்கிறது என்பதால் இந்த நுணுக்கம் வெறும் ஏட்டுச்சண்டை அல்ல. நோயாளி நாளைக்குச் சோறு மெல்லுவாரா என்பதே அது.

கழுத்தில்தான் படத்தின் எல்லை நன்றாக வெளிப்பட்டது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று கையால் பார்ப்பார்கள், அல்ட்ராசவுண்டில் அதன் வடிவத்தைப் பார்ப்பார்கள். அவரைவிதை மாதிரி இருந்தால் நல்லது, உருண்டுபோயிருந்தால் சந்தேகம். சந்தேகமானால் ஊசி போட்டு எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் கையிலும் படத்திலும் தென்படாத நுண்ணிய பரவலை என்ன செய்வது? ஆரம்ப நிலை வாய்ப்புற்றில், கழுத்தில் ஒன்றும் தெரியாதவருக்கும் முன்கூட்டியே நெறிகளை எடுத்துவிடலாமா, தெரியும்போது எடுத்துக்கொள்ளலாமா என்பது உலகம் முழுக்கப் பல்லாண்டு ஓடிய வாதம். விடை மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது. டி க்ரூஸும் சகாக்களும் 500 நோயாளிகளின் முடிவுகளை 2015இல் வெளியிட்டார்கள். முன்கூட்டியே எடுத்தவர்களில் மூன்று ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 80 விழுக்காடு, காத்திருந்தவர்களில் 67.5 விழுக்காடு. தலை, கழுத்துப் புற்றில் இந்தியாவிலிருந்து கிளம்பி உலக நடைமுறையை மாற்றிய ஆய்வு இது. படம் சுத்தமாக இருந்தாலும் நம்பிக் காத்திருக்காதே என்பது அதன் செய்தி.

அப்படியானால் முன்னதாகவே கண்டுபிடிக்க எந்தப் படம் உதவும்? இதில் கிடைத்திருக்கும் மிக வலுவான சான்று படமே இல்லாத ஒன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிப் பகுதிகளை எடுத்து, ஏழில் வீடுவீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள், ஆறில் வழக்கம்போல் விட்டார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற பட்டதாரிச் சுகாதாரப் பணியாளர்கள். கருவி, கண்ணும் விளக்கும். சங்கரநாராயணன் குழு 2005இல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. மொத்த மக்கள்தொகையில் அந்தக் குறைவு சந்தேகமற நிறுவப்படவில்லை என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. ஒளிரும் விளக்கு, நீலச் சாயம், நிறமாலைக் கருவி என்று எத்தனையோ வந்துவிட்டன. திருவனந்தபுரத்திலேயே ஓரல்ஸ்கேன் என்ற கைக்கருவியை 2020இல் அறிமுகப்படுத்தினார்கள். இவை எதுவும் இத்தனை பெரிய ஆய்வில் மரணத்தைக் குறைத்துக் காட்டியதில்லை.

பெங்களூரில் ப்ரவீண் பிரூர், மோனி குரியாகோஸ் போன்றோர் இடைவழி ஒன்றை முயன்றார்கள். களப்பணியாளர் கைப்பேசியில் வாயைப் படமெடுத்து அனுப்புவார். தொலைவில் வல்லுநர் பார்த்துச் சொல்வார். அங்கிருந்து அடுத்த படி, வல்லுநருக்குப் பதில் செயற்கை நுண்ணறிவு. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும் சமூக அளவிலான பரிசோதனையைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி. முதல் பட்டியலில் டெல்டா இல்லை. திட்டம் பிறகு விரிந்தது என்றாலும், எங்கே முதலில் பார்க்கிறோமோ அங்கே முதலில் தரவு சேரும், அந்தத் தரவில்தான் நுண்ணறிவும் பழகும். வெள்ளைப் பல்லும் சிவந்த ஈறுமாக எடுத்த படங்களில் பழகிய மென்பொருள், நாற்பது வருட வெற்றிலைக் கறை படிந்த வாயைப் பார்த்து என்ன சொல்லும்? கறையைப் புண் என்று சொன்னால் ஒரு பஸ் செலவோடு போயிற்று. புண்ணைக் கறை என்று சொன்னால்?

நுண்ணறிவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஓபிஜியில் பல்லை எண்ணுவது, சொத்தையைக் குறிப்பது, எலும்பு இறங்கிய அளவை வரைவது ஆகியவற்றில் மென்பொருள் நன்றாகவே தேறிவிட்டது. அமெரிக்காவில் 2021 முதல் சில மென்பொருள்களுக்கு அரசு அனுமதியும் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்தியாவில் பல் படம் பற்றி வரும் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. சென்னையிலுள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இளநிலை மாணவர்கள் தேர்வில் எழுதுவதையே கட்டுரைகளாக்கி, ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்துத் தரவரிசையில் ஏறினார்கள் என்று 2023இல் சயன்ஸ் இதழ் விரிவாக எழுதியது. இருபது முப்பது பழைய ஓபிஜியை அலமாரியிலிருந்து எடுத்து எதையாவது அளந்து வெளியிடுவது சுலபம். தோடு கழற்றாத படத்தைத் தள்ளிவைத்தோமா, அளந்தவரே மறுவாரம் அளந்தால் அதே எண் வந்ததா என்பதெல்லாம் அந்தக் கட்டுரைகளில் தேடினாலும் கிடைக்காது.

படம் நோயை மட்டுமா சொல்கிறது? ஆளையும் சொல்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு வந்த வெளியூர் யாத்ரீகர்களும் அதில் உண்டு. சடலங்கள் குழிகளில் மொத்தமாகப் புதைக்கப்பட்டன. பலர் யார் என்றே தெரியாமல் போனார்கள். அதே அலை தாய்லாந்தின் கரையில் அடித்தபோது பல நாட்டு வல்லுநர்கள் கூடி, ஆயிரக்கணக்கான சடலங்களை அடையாளம் கண்டார்கள். அதில் பெரும்பங்கு பல்லுக்கு. இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதி வெளிநாட்டவர்; அவர்களுடைய ஊரில் பல் டாக்டரின் கோப்பில் பழைய எக்ஸ்ரே இருந்தது, அதைத் தருவித்து ஒப்பிட்டார்கள். நாகை அக்கரைப்பேட்டை மீனவருக்கு அப்படி எந்தக் கோப்பு இருந்தது? இறந்த பின் நூறு படம் எடுக்கலாம்; உயிரோடிருந்தபோது எடுத்த ஒன்று இல்லையென்றால் ஒப்பிட வழியில்லை. நம் பக்கம் எடுத்த படம் நோயாளியின் கையோடு போய், மஞ்சப்பையில் மடங்கி, பரணில் கரையானுக்குப் போகிறது. கைப்பேசி வந்த பிறகு வாட்ஸாப்பில் வந்து, ஃபோன் மாற்றும்போது அழிகிறது. சென்னையில் 1981 முதல் புற்றுநோய்ப் பதிவேடு ஓடுகிறது, 2012இல் மாநிலம் முழுக்க விரிந்தது. படங்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை.

வயதுக் கணக்கும் இதன் பக்கத்துக் கதை. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, பள்ளி அல்லது உள்ளாட்சிப் பிறப்புச் சான்று இல்லாதபோது மட்டும் மருத்துவச் சோதனைக்கு அனுப்பச் சொல்கிறது. பல் வளர்ச்சியை எட்டுப் படிகளாகப் பிரித்து வயது சொல்லும் டெமிர்ஜியன் முறை 1973இல் கனடாவின் பிரெஞ்சுக் குழந்தைகளை வைத்து எழுதியது. இந்தியக் குழந்தைகளுக்குப் போட்டால் கணக்கு இடறும் என்று கண்டு, தார்வாடின் ஆஷித் ஆச்சார்யா 2011இல் இந்தியர்களுக்கான சூத்திரம் தந்தார். அதிலும் பதினெட்டை ஒட்டிய வயதில் மிச்சமிருப்பது ஞானப்பல் மட்டும், அது ஆளுக்கு ஆள் முன்பின்னாக வளரும். பதினேழரையா பதினெட்டரையா என்று ஒரு ஓபிஜியைக் காட்டி அடித்துச் சொல்பவரை நீதிமன்றம் நம்பக் கூடாது.

கீழ்வேளூருக்கு எந்திரம் இன்று எட்டாத தொலைவில் இல்லை. மேற்கே திருவாரூரில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நாகப்பட்டினத்துக்கான கல்லூரி 2022இல் ஒரத்தூரில் திறந்தது. அரசு பல் மருத்துவக் கல்லூரி வேண்டுமென்றால் வடக்கே சிதம்பரம் போக வேண்டும். அங்கே 1980இல் தொடங்கிய ராஜா முத்தையா கல்லூரி இப்போது அரசிடம். இல்லையென்றால் 2023இல் தொடங்கிய புதுக்கோட்டை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நான்கிலும் அப்படி ஒன்று கிடையாது. ஸ்கேன் எடுப்பது ஒரு ஊர், அதைப் படித்துச் சொல்பவர் இன்னொரு ஊர், கட்டியை வெட்டுபவர் வேறு ஊர். ‘தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க’ என்று சீட்டோடு கிளம்புகிறவர் எந்த நாளில் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று பின்தொடர்ந்த ஆய்வு என் கண்ணில் படவில்லை. ஆழத்தை அரை மில்லிமீட்டர் சரியாக அளக்க எத்தனையோ கட்டுரை உண்டு. அந்த அரை மில்லிமீட்டர் வளர எடுத்துக்கொண்ட வாரங்களை எண்ணியவர்கள் குறைவு.

எண்ணுவது கஷ்டமும் இல்லை. ஒரு வட்டாரத்தில் கன்னத்துப் புண்ணுக்கு மேல்சிகிச்சைச் சீட்டு எழுதிய தேதி, படம் எடுத்த தேதி, படத்தைப் படித்த தேதி, முதல் அறுவை தேதி ஆகிய நான்கையும் ஒரு வருடம் குறித்துவைத்தால் போதும். அதில் குறுவை அறுப்பும் சம்பா நடவும் எந்தெந்த மாதம் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆவணியிலும் புரட்டாசியிலும் எழுதிக் கொடுத்த சீட்டுகள் கார்த்திகையில்தான் ஸ்கேன் அறைக்கு வருகின்றனவா என்பது முதலில் பார்க்க வேண்டியது.